மரத்தூளுக்கு ஒரு தகரக் கூம்பு

ஏலக்காய் பொறுக்கும் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தலைகளைப் பார்த்தால் போதும், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடலாம். மேற்கே மலையிலிருந்து மேகாற்று இறங்கினால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தலை நரைத்துவிடும். காற்று ஓய்ந்து, முந்தானையால் தலையைத் தட்டிவிட்டால் மறுபடியும் எல்லோரும் குமரிகள். இப்படி எங்களைக் கிழவிகளாக்கியது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். கொட்டகைச் சுவரை ஒட்டி மேற்கே அவருடைய மரப்பட்டறை. அங்கே ரம்ப மிஷின் ஓடினால் இங்கே தூள் விழும்.

"ஏத்தா, உன் புருசன் இன்னைக்கு என்ன மரம் அறுக்குறான்?" என்று மேட்டுத்தெரு மதினி கேட்பாள். கொட்டகையில் மூத்தவள் அவள்தான். எனக்கு உறவில்லை, ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவள் மதினி.

நான் காய் புடைக்கும் சொளவிலிருந்து தலையை எடுக்காமல், "தெரியலை மதினி" என்பேன்.

"நான் சொல்றேன் கேளு. நேத்து மாமரம், நாக்குல வச்சா ஒண்ணும் தெரியலை. இன்னைக்கு வேம்பு. வாயெல்லாம் கசக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சத்தம் வராமல். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தபோதும் வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் நிற்பேன். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். கொட்டகை ஒன்றில்தான் வாய் திறக்காமலேயே நாலு பேர் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க முடிந்தது. கை பாட்டுக்குப் பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய் என்று பிரித்துக்கொண்டிருக்கும். காது ஊர்க்கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும். போடியில் எனக்கு அதைவிடப் பிடித்த இடம் இருந்ததில்லை.

எழுபதுகளின் முடிவு வரைக்கும் தூசிப் பேச்சே கிடையாது. என் வீட்டுக்காரர் கைரம்பத்தால் அறுத்து, கையால் இழைப்புளி தள்ளினார். சுருள் சுருளாக விழுவது காலடியிலேயே கிடக்கும். கூட்டி அள்ளினால் முடிந்தது. மலைத்தோட்டங்களில் ஏலக்காய் உலர்த்துவதற்குக் கம்பிவலை அடித்த மரத்தட்டுகள் வேண்டும். அந்தத் தட்டுக்குச் சட்டம் அறுப்பதுதான் அவருக்கு முக்கியச் சோலி. கிராக்கி கூடியதும் எண்பதுகளின் தொடக்கத்தில் பழைய ரம்ப மிஷின் ஒன்றை மோட்டாரோடு வாங்கிப் போட்டார். கரண்டு இருக்கிற நேரமெல்லாம் அது கத்தும். கத்தும்போதெல்லாம் கோதுமை மாவு மாதிரி தூளைக் கக்கும். அந்தத் தூள் காலடியில் விழாது. ஓட்டுச் சந்து வழியாக ஏறி, காற்றில் உட்கார்ந்து, கொட்டகைக்குள் வந்து இறங்கும்.

பட்டறை, அதன் பின்னால் நாங்கள் குடியிருந்த வீடு, கொட்டகை எல்லாமே ஏலக்காய்க்கடை முதலாளியின் இடம். கொட்டகைக்குக் கிழக்கே அவருடைய மாடிவீடு. ஆனி மாதம் ஒருநாள் அவர் உள்ளங்கையில் கொஞ்சம் காயை வைத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். அவர் வந்தது தெரிந்து நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் கையை நீட்டி, காயின் மேல் "ஃபூ" என்று ஊதினார். வெள்ளையாகப் புகை எழுந்தது.

"என்னப்பா, பச்சையா இருந்தாத்தான் காய்க்கு மதிப்பு. இது திருநீறு பூசிக்கிட்டு நிக்குது. ஏலத்துக்குக் கொண்டுபோனா, பண்டாரம் வந்துட்டாருன்னு எந்திரிச்சுக் கும்புடுவாய்ங்க."

என் வீட்டுக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"உம்மேல எனக்குக் கோவமில்லை. ஆனா ஆவணியில புதுக்காய் எறங்கும். அதுக்குள்ள இந்தத் தூளை நிறுத்திப்புடு. முடியலைன்னா வேற எடம் பாத்துக்க. காய்க்கடையை நான் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல?"

நியாயமாகத்தான் பேசினார். அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. அநியாயமாகப் பேசினால் அவர் மீதாவது கோபப்படலாம். வேறு இடமென்றால் ஊருக்கு வெளியே தேவாரம் ரோட்டுப் பக்கம்தான் கிடைக்கும். பட்டறை போனால் வீடும் போகும். அவ்வளவு தூரத்திலிருந்து தினமும் கொட்டகைக்கு வர என்னால் ஆகாது. புது இடத்தில் போய்ப் புதிய மனுஷிகளிடம் முதலிலிருந்து பழகவும் வேண்டும்.

என் வீட்டுக்காரர் முதலில் சுவர்மேல் சாக்குப் படுதா கட்டிப் பார்த்தார். காற்று அதைக் கழற்றிக் கொட்டகைக்குள் எறிந்தது, தூளோடு சேர்த்து. மரத்தை நனைத்து அறுத்துப் பார்த்தார். மிஷின் துருப்பிடிக்கத் தொடங்கியது. ஓட்டுச் சந்துகளை அடைத்துப் பார்த்தார். அன்று மத்தியானம் சோற்றுக்கு வந்தவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மாவுப் பானையிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி இருந்தார்; கண் மட்டும் கறுப்பு.

சாப்பிட்டுக்கொண்டே, "அரிசி மில்லுக்கு மேல ஒரு தகரக் கூம்பு நிக்குதே, பாத்திருக்கியா?" என்று கேட்டார்.

பார்த்திருக்கிறேன். புனலைச் சுவரில் மாட்டியது போல மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருக்கும். அடியில் சாக்கு கட்டியிருப்பார்கள்.

"அம்புட்டுத் தவிடு பறக்குற மில்லு. ரோட்டுல ஒரு பொட்டுத் தூசி விழுகுதா? எல்லாம் அந்தக் கூம்புக்குள்ள போயி சாக்குல எறங்கிருது. அதே மாதிரி நமக்கு ஒண்ணு பண்ணிப்புட்டா?"

"மில்லுல போயி எப்பிடின்னு கேளுங்களேன்."

அவர் தண்ணீரைக் குடித்தார். அந்த மில்காரருக்கு அவர் ஒரு மேசை செய்து கொடுத்திருந்தார். மழைக்காலத்தில் அதன் இழுப்பறை இறுகிக்கொண்டுவிட்டது. மில்காரர் நாலு பேர் முன்னால் எதையோ சொல்ல, இவரும் எதையோ சொல்ல, அன்றோடு இவர் மில் வாசலை மிதிப்பதில்லை. ஆகையால் கூம்பை ரோட்டிலிருந்தே பார்த்தார். சைக்கிளை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, கழன்ற செயினை மாட்டுகிறவர் மாதிரி குனிந்துகொண்டு, அண்ணாந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். அதை வீட்டில் வந்து எனக்கு நடித்தும் காட்டினார்.

கூம்பு செய்யத் தகர வேலைக்காரர் வேண்டும். எங்களுக்குத் தெரிந்த தகரக்காரர் அப்போது மலையில் இருந்தார். காய் உலர்த்தும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடும் புகையும் பெரிய தகரக் குழாய்க்குள் போய், அறையைச் சுற்றி, கூரைக்கு மேல் ஏறிப் போய்விடும். அந்தக் குழாய்கள் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எங்களுக்கும் தட்டு லோடு ஒன்று மேலே போக வேண்டியிருந்தது. சட்டத்தை மட்டும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், வலையை அங்கே வைத்துத்தான் அடிப்போம். முன்கூட்டி அடித்துக்கொண்டு போனால் மலைரோட்டு வளைவு திரும்பித் திரும்பி வலை தொங்கிப்போகும். ஆணி அடிப்பது என் வேலை. ஜீப்பின் பின்னால் சட்டங்களைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

தகரக்காரர் ஸ்டோர் கூரைமேல் உட்கார்ந்து குழாய்க்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் கரி. நான் அவரை அண்ணே என்பேன். அந்த முறையில் அவருக்கு என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை.

"மச்சான், பட்டறைக்கு ஒரு கூம்பு வேணும். மில்லுல நிக்குதே, அது மாதிரி" என்று இவர் கீழேயிருந்து கத்தினார்.

"கூம்பா? குழாயைக் கொஞ்சம் சாச்சு வெட்டுனா அதான மாப்ளே கூம்பு! தகரம்னா அது நம்ம சோலி. நீ அளவைச் சொல்லு, அழகை நான் பாத்துக்கிறேன்."

ஸ்டோரில் காவலிருந்த மலையாளத்துச் சேட்டன் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தூசி பிடிக்கான் கூம்போ? கொள்ளாம்" என்று மெச்சி எங்களுக்கு வரக்காப்பி கொடுத்தார். நான் நாலு தட்டுக்கு ஆணி அடித்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் மண்ணில் குச்சியால் கூம்பு வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, யார் வரைந்தது சரி என்று சண்டைக்கும் வந்துவிட்டார்கள்.

பஞ்சு மில் ஒன்றில் கழித்துப்போட்ட இரும்பு விசிறி பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இவர் ரம்பத்துக்கு அடியில் மரத்தால் ஒரு பெட்டி செய்து பொருத்தினார். பெட்டியிலிருந்து விசிறிக்கு ஒரு குழாய். விசிறி தூளை இழுத்து, இன்னொரு குழாய் வழியாகக் கூம்புக்குள் தள்ளும். கூம்பு பட்டறைச் சுவருக்கு வெளியே, நாலு கால் போட்ட மரப்பரண்மேல் ஆளுயரத்துக்கு நின்றது. அடியில் சாக்கு. மூடியின் நடுவில் காற்று வெளியே போக ஒரு குழாய். அதற்கு மலைஸ்டோரில் மாட்டுவது போலவே ஒரு தொப்பி. பட்டறையில் தகரம் தட்டுகிற சத்தமும், "இங்கிட்டுப் பிடி மாப்ளே", "அங்கிட்டு இழு மச்சான்" என்கிற சத்தமும் கொட்டகை வரைக்கும் கேட்டுக்கொண்டேயிருந்தன.

"கல்யாணப் பந்தல் மாதிரியில்ல கெடக்கு" என்றாள் மதினி. "பொண்ணு யாருத்தா?"

ஓட்டிப் பார்க்க ஒரு நல்ல வெள்ளிக்கிழமையாகப் பார்த்தார்கள். தகரக்காரர் கூம்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, விசிறிக்கு முன் எலுமிச்சம்பழம் வெட்டினார். கொட்டகைப் பெண்கள் எல்லோரும் சொளவைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். முதலாளியும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இவர் சுவிட்சைத் தட்டினார். விசிறி உறுமியது. ரம்பத்தில் ஒரு பலகையை விட்டார். பலகை இரண்டாகப் பிளந்தது. ரம்பத்தைச் சுற்றி ஒரு தூள் இல்லை. பெட்டி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. இவர் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அப்போது மதினி, "ஏத்தா, மேல பாரு" என்றாள்.

கூம்பின் தொப்பிக்குக் கீழிருந்து தூள் குபுகுபுவென்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஓட்டுச் சந்தில் சிந்திக்கொண்டிருந்தது இப்போது உயரத்தில் போய்த் தாராளமாகக் கொட்டியது. மேகாற்று அதை அப்படியே ஏந்திக்கொண்டு, கொட்டகையைத் தாண்டி, முதலாளி வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனது. அங்கே முதலாளியம்மா கூழ் வடகம் ஊற்றிக் காயப்போட்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் அவர் தலை தெரிந்தது. "ஏப்பா பட்டறை! வடகத்துக்கு மாவு பத்தலைன்னு நான் உன்கிட்டக் கேட்டேனா?"

கொட்டகைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மதினி மட்டும் பொத்தவில்லை. "இம்புட்டு நாளும் சல்லடையில சலிச்சான். இன்னைக்கு மூட்டையோட கவுத்துப்புட்டான்" என்றாள்.

சாக்கை அவிழ்த்துப் பார்த்தார்கள். அடியில் ஒரு கைப்பிடித் தூள்கூட இல்லை. முதலாளி சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. துண்டை உதறினார். "ஆடி பாதியாகப்போகுதுப்பா. பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் அன்று சாப்பிடும்போது கதையெல்லாம் சொல்லவில்லை. தேவாரம் ரோட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டேயிருந்தது. மில்லின் கூம்பை இவர் வெளியிலிருந்துதானே பார்த்தார்? உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சண்டை அவருக்கும் மில்லுக்கும்தான். நெல் அரைக்கப் போவது நான். அடுத்த முறை நெல்லைக் கொண்டுபோனபோது, அரைத்து முடித்த பிறகும் கிளம்பாமல் கூம்புக்குக் கீழே போய் நின்றேன். மில் மிஷினை ஓட்டுகிறவரை எல்லோரும் டிரைவர் என்பார்கள். அவரிடம் கேட்க வேண்டியதை வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அவர் எதிரில் வந்து நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"என்னத்தா, தவிடு வேணுமா?" என்றார் அவர்.

நான் தலையை ஆட்டிவிட்டேன். ஒரு பெட்டி நிறையத் தவிடு போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுபடி போனேன். என்னைப் பார்த்ததுமே, "இந்தா வர்றேன்" என்று சொல்லித் தவிட்டை அள்ளத் தொடங்கிவிட்டார். எங்கள் வீட்டில் ஆடு, மாடு எதுவும் கிடையாது. எதிர்வீட்டு எருமைக்குப் போட்டேன். அது என்னைப் பார்த்தாலே கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்தது.

இதை மதினி கவனித்துவிட்டாள். கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று குடைந்தாள். சொன்னேன். சொளவை மடியிலிருந்து இறக்கிவிட்டு, "எந்திரி. வெரசா வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கொட்டகையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்திருந்தால்தான் பேச்சுக்கு ஆள் இருக்கும் என்பது அவள் கணக்கு. மில் வாசலில் நின்றே கத்தினாள்.

"ஏ டிரைவரு! இவ தவிட்டுக்கு வந்தவ இல்ல. தகரத்தைப் பாக்க வந்தவ. கூம்புக்குள்ள என்னய்யா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதைக் கேக்கவா இம்புட்டுத் தவிட்டைச் சொமந்துக்கிட்டுப் போனே? வாங்க ரெண்டு பேரும்."

மில்லுக்குப் பின்னால் பழைய கூம்பு ஒன்று துருப்பிடித்துச் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு துண்டு பெயர்ந்து, தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. குனிந்து பார்த்தேன். உள்ளே இருட்டிலிருந்து ஒரு கோழி என்னைப் பார்த்தது. அடை உட்கார்ந்திருந்தது. கையை விட்டால் கொத்தியது. மதினி முந்தானையைக் காட்டி அதற்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்க, நான் தலையை விட்டுப் பார்த்தேன்.

வெளியே அவ்வளவு துரு. உள்ளே தகரம் தேய்ந்து பளபளவென்றிருந்தது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. பம்பரத்தில் கயிறு சுற்றின மாதிரி, மேலிருந்து கீழ் வரைக்கும் சுற்றிச் சுற்றி வந்த தடம். தவிடு ஓடி ஓடித் தேய்த்த தடம் அது. தவிடு வரும் குழாய் எங்களுடையதைப் போல நடுவயிற்றில் வந்து குத்தவில்லை. ஓரமாக வந்து, சுவரை ஒட்டினாற்போல உள்ளே நுழைந்தது. மூடியிலிருந்த காற்றுக் குழாயும் மூடியோடு நிற்கவில்லை, உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுடையது மூடியோடு வெட்டப்பட்டிருந்தது. எவ்வளவு தொங்குகிறது என்று கையை வைத்துப் பார்த்தேன். முழங்கையிலிருந்து வளையல் வரைக்கும் வந்தது. அதற்குள் கோழி இன்னொரு தடவை கொத்திவிட்டது.

டிரைவர் சொன்னார்: "சுத்துச்சுன்னாத்தான் தவிடு ஓரமா ஒதுங்கிக் கீழ விழும், காத்து மட்டும் நடுவுல ஏறிப் போகும். நேராக் கொண்டுபோயி மோதவிட்டீங்கன்னா அதுவும் காத்தோடயே ஏறிப் போயிரும். உன் வீட்டுக்காரரு வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"அதான் மேசை இழுப்பறைச் சண்டை இருக்குல்ல" என்றாள் மதினி.

"அதுவா? அது இப்ப நல்லாத் தொறக்குதே. மழை பெஞ்சாத்தான் மொரண்டு பண்ணும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் முதலில் கேட்டது, "அங்க எதுக்குப் போன?" என்றுதான். "தவிட்டுக்கு" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தகரக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டறையில் நின்று சத்தம் போட்டார். "மலை பூராம் என் குழாய்தான் மாப்ளே ஓடுது. குழாயை நடுவுல வச்சு நேரா விட்டாத்தான் புகை மோதி மேல ஏறும். ஓரமா விட்டா எவனாவது வேலைன்னு சொல்லுவானா? உள்ள ஒரு குழாயைத் தொங்கவிடணுமாம்! புகை தட்டிக்கிட்டு நிக்காதா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் தேவாரம் ரோடு என் கண்முன்னால் நீளமாகக் கிடந்தது.

"அண்ணே" என்றேன். "இது ஏறக் கூடாதுண்ணே. எறங்கணும்."

கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். அவர் கூம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அட ஆமாத்தா! பொறந்ததுல இருந்து புகையை ஏத்திவிட்டே பழகிப்போச்சு. தூளுக்கும் நான் மேல போக ரோடு போட்டுக் குடுத்திருக்கேன் பாரு! தொப்பி வேற போட்டுவிட்டேன், மழையில நனைஞ்சிராம பத்திரமாப் போகட்டும்னு!"

தொங்கும் குழாய்க்கு அளவு கேட்டார். கதவுக்கு வெளியே கையை மட்டும் நீட்டினேன். முழங்கையிலிருந்து வளையல் வரைக்கும் நூலைப் பிடித்து, நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். குழாயைப் பிரித்து ஓரத்துக்கு மாற்றி, கூம்பின் சுவரைத் தடவிக்கொண்டு நுழைவது போல வளைத்து ஒட்டவைத்தார். ஒவ்வொரு தட்டுக்கும், "எறங்கணும், எறங்கணும்" என்று சொல்லிக்கொண்டே தட்டினார்.

இரண்டாம் முறை ஓட்டியபோது சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எதுவுமில்லை. முதலாளியம்மா மட்டும் மாடியில் நின்று, காயப்போட்டிருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு உள்ளே போனார். முதலாளி ஒரு தட்டு நிறைய முதல்தரப் பச்சைக்காயைக் கொண்டுவந்து, கொட்டகைக்கு நடுவில், காற்று நேராக அடிக்கிற இடத்தில் வைத்தார். நாற்காலி போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ரம்பம் கத்தியது. எல்லோரும் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் கிளம்பவில்லை. கூம்புக்குள் மட்டும் சரசரவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. மதினி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பாம்பு புகுந்த மாதிரி இருக்குத்தா" என்றாள். சாக்கு கொஞ்சம் கொஞ்சமாக உப்பியது. பார்த்துக்கொண்டிருந்தபோதே சாக்கின் இழைகளுக்கு நடுவிலிருந்து மெல்லிய தூள் புகைய ஆரம்பித்தது. சணல் சாக்கு, இடைவெளி எக்கச்சக்கம்.

"மிஷினை நிப்பாட்டாதே" என்று மதினி கத்தினாள். கொட்டகைக்குள் ஓடி, உள்ளே பாலித்தீன் பை வைத்துத் தைத்த காய்ச்சாக்கு ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். ஏலக்காய்க்கு ஈரக்காற்று படாமல் இருக்க அப்படித்தான் வைத்திருப்பார்கள். நானும் அவளுமாகத் தூள்சாக்கை அப்படியே அதற்குள் இறக்கி, வாயைக் கூம்பின் கழுத்தோடு சேர்த்துச் சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினோம். புகைவது நின்றது.

நாற்காலியிலிருந்து முதலாளி, "அது என் சாக்குல்ல?" என்றார்.

"ஆமா மொதலாளி" என்றாள் மதினி. "எங்கயும் போகாது. இங்கனதான் கட்டிக் கெடக்கும்."

அன்று இவர் சில்வர் ஓக் லோடு பூராவையும் அறுத்துத் தள்ளினார். கரண்டு போன பிறகுதான் நிறுத்தினார். காது அடைத்துப்போன மாதிரி அமைதி. முதலாளி எழுந்து, தட்டின் நடுவிலிருந்து ஒரு கைக் காய் எடுத்தார். உள்ளங்கையை முகத்துக்கு நேராகத் தூக்கி ஊதினார். ஒன்றும் எழவில்லை. நம்பாமல் மறுபடி ஊதினார். பிறகு ஒரு காயை எடுத்து வெள்ளைத் துண்டில் தேய்த்தார். துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காயைத் தட்டிலேயே போட்டுவிட்டு, பட்டறைப் பக்கம் திரும்பினார்.

"தகரக்காரரே, நம்ம மலைஸ்டோருக்கும் ஒரு குழாய் மாத்தணும்" என்றார். "அங்க புகை ஏறட்டும்யா, பாத்துப் போடு." அப்புறம் என் வீட்டுக்காரரிடம், "இருப்பா. எங்கயும் போக வேணாம்" என்றார்.

இவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் கதவுக்குப் பின்னால் போகவே மறந்துவிட்டேன்.

ஆவணியில் புதுக்காய் இறங்கியது. ஜீப் ஜீப்பாக வந்து கொட்டகை நிறைந்துவிட்டது. பொறுக்குகிறவர்களை மேற்குச் சுவரை ஒட்டியே சாக்கு விரித்து உட்காரச் சொன்னார் முதலாளி. நிழல் அங்கேதான் வெகுநேரம் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ரம்பம் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் தலைகளெல்லாம் எண்ணெய் மினுங்கக் கறுப்பாக இருந்தன. மதினி காயைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"முன்னாடின்னா தலையில தூசி விழுந்துருச்சு, தட்டிட்டு வர்றேன்னு எந்திரிச்சுப் போயி, ஒரு வெத்தலை போட்டு, நாலு வார்த்தை பேசிட்டு வரலாம். மொதலாளியும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. உன் புருசன் அதையும் கெடுத்துப்புட்டானே!"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் சொளவைப் புடைத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"சத்தம் இருக்குல்ல மதினி" என்றேன். "காது வலிக்குதுன்னு எந்திரிச்சுப் போங்க."

கொட்டகை பூராவும் சிரித்தது. மதினி என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு, "ஐயோ வலிக்குதே" என்று முனகியபடி வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகிறவள் திரும்பி, "நீயும் வாத்தா, உனக்கும்தான் வலிக்குது" என்றாள். போனேன்.